இருபத்தொரு கிலோ

விதின் நகரத்துக் கடைவாய்ப் பற்களில்
பாதி என் வலக்கையில் வெளிவந்தவை.
எழுபத்துநான்கில் ஒரு படகுக்காரனின் ஞானப்பல்;
முழங்காலை நாற்காலியில் ஊன்றி, ஒரே திருகு.
சொன்னால் ரலித்சா சிரிக்கிறாள்.
அவளுடையதும் ஒன்று உண்டு;
ஏழு வயதில், பிடுங்கிய விரலையே கடித்துவைத்தாள்.
இன்று வெள்ளைக் கோட்டு அவள்மேல்.
நாற்காலி எனக்கு.

"முழங்கையை விலாவோடு ஒட்டிவையுங்கள், டாக்டர்.
மூச்சை அடக்க வேண்டாம்.
அழுத்துங்கள், அழுத்துங்கள், இன்னும், இன்னும்."
சைக்கிள் பிரேக்கைப் பிய்த்தெடுத்து
கடிகாரம் ஒட்டியதுபோல் ஒரு கருவி.
முள் கிளம்பியது, தயங்கியது,
பாதிப் படியில் சாவி ஞாபகம் வந்தவன்போல் நின்றது.
பத்தொன்பது. இருபத்தொன்று. இருபது.

கைதானே என்றேன்.
கை மட்டுமில்லை என்றாள்:
தொடை, முதுகு, மூன்றாம் மாடி,
குளியலறையில் வழுக்கினால் எழுவீர்களா என்பது,
எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சோறு பதம்.
முழுசாக இல்லை, ஓரளவுக்கு, என்று
பிறகு சேர்த்துக்கொண்டாள். நல்ல பெண்.
ஆணுக்கு இருபத்தேழாவது வேண்டுமாம்.

அடுத்து வெலிச்கா.
நாற்பது வருஷம் நூலகத்தில் அட்டை எழுதியவள்.
எடுத்த எடுப்பில் இருபத்தைந்து.
என் முகத்தைப் பார்த்தாள்.
இரண்டாம் முறை பதினெட்டு, மூன்றாம் முறை பதினாறு;
"ஐயோ, சோர்ந்துவிட்டது" என்று மணிக்கட்டை உதறினாள்.
ஆனால் மூன்றில் பெரியதைத்தான் எழுதுவார்களாம்.
எழுதினாள் ரலித்சா, அடிக்கோடிட்டு.
பஸ்ஸில் நாங்கள் டான்யூபைப் பற்றிப் பேசினோம்,
தண்ணீர் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று.

ஒரு ரப்பர் பந்து தந்திருந்தாள், நாளைக்கு நூறு முறை அழுத்த.
ரொட்டிக் கடை வரிசையில், கோட்டுப் பைக்குள் அழுத்துகிறேன்.
பந்து எதையும் எழுதிக்கொள்வதில்லை.

செப்டம்பரில் நாங்கள் அடைத்த ஜாடிகள்
நிலவறையில் அறுபத்துநான்கு:
சுட்ட மிளகாய், வெள்ளரி, தக்காளி விழுது.
மூடி திறப்பது எப்போதும் என் இலாகா.
டிசம்பரில் கவனித்தேன்,
எந்த மூடியும் 'டொப்' என்று சொல்லவில்லை.
நன்றாக அடைத்த ஜாடி முதல் முறை திறக்கையில்
ஒரு வாய் காற்றை விழுங்கும்; அந்தச் சத்தம்.
பல் வேர்விடும்போது வரும் சத்தத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி.
எனக்குத் தெரியாதா?

தொட்டதும் சுழன்றன.
நான் பல்லைக் கடித்தேன், முனகினேன்,
துண்டைப் போட்டுத் திருகுவதாக நடித்தேன்.
"கையில் இன்னும் தெம்பிருக்கிறது பார்" என்றாள்
ரொட்டியிடம்.

ஜனவரியில் ஒரு ராத்திரி, மூன்று மணி இருக்கும்,
சமையலறையில்: டொப்.
கொஞ்சம் கழித்து: டொப். டொப்.
செருப்பில்லாமல் திரும்பி வந்து படுத்தாள்.
பாதம் இரண்டும் ஐஸ்.
தூங்குவதை நான் ஒழுங்காகச் செய்தேன்.

முன்கூட்டியே தளர்த்தி வைத்ததில் ஒன்று
இன்று பூசணம் பிடித்திருந்தது.
ஏன் என்று கேட்க முடியாது.
கேட்டால் இரண்டு பேரும் சொல்ல வேண்டிவரும்.
அவள் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம்
மூன்று மாடியும் கைப்பிடியைப் பற்றி இறங்கி,
பனியில் நடந்து, குப்பைத்தொட்டியில் கொட்டினேன்.
மேலே வந்து சோடா போட்டுக் கழுவினேன்.
காலி ஜாடிக்கு மூடி தேவையில்லை.
இருந்தாலும் மூடினேன்,
இருபத்தொரு கிலோவையும் போட்டு.
திறக்கப்போவது அவள்தானே.