பால் வாடை

போத்தி துறைமுகத்திலிருந்து
இழுவை வண்டியின் முதுகில் வந்தது.
அமெரிக்காவில் ஏலம் போன வேன். எட்டுப் பேர் உட்காரலாம்.
நிறம் என்னவென்று பத்திரத்தில்தான் படித்தேன்:
வெள்ளை.

பின்கண்ணாடித் தூசியில் யாரோ விரலால்
சிரிக்கும் முகம் ஒன்று வரைந்திருந்தார்கள்.
கடல் தாண்டியும் அது சிரித்துக்கொண்டிருந்தது.

நுக்ஸார் கதவைத் திறந்தான், உடனே மூடினான்.
"லாம்சிரா, நீ கொடுத்து வைத்தவள்."
அவன் சொன்னது என் மூக்கை.
இரண்டு குளிர்காலத்துக்கு முந்தைய காய்ச்சலில்
போனது போனதுதான்.
பெட்ரோலும் ரோஜாவும் எனக்கு ஒரே காற்று.
ருஸ்தாவியில் எல்லோருக்கும் தெரியும்,
அதனால் அழுகியதெல்லாம் என்னிடமே வரும்.

முதல் நாள் இருக்கைகளைக் கழற்றினேன்.
மூன்று போல்ட்டுகள் துருவேறி அடம்பிடித்தன.
கீழே ஒரு ஊரே குடியிருந்தது:
கல்லாகிப்போன உருளைக்கிழங்கு வறுவல்,
கம்பளத்தோடு உருகிய ஊதா கிரேயான்,
நாய் மயிர், ஒற்றைக் காலுறை,
எதிலோ ஒட்டிக்கிடந்த சில்லறை,
மறுபடி நாய் மயிர்.
வேக்யூம் இரண்டு முறை மூச்சடைத்து நின்றது.
ரப்பர் கையுறையால் ஒரே பக்கமாக இழுத்தால்
மயிர் திரண்டு உருளும். யாரும் சொல்லித்தரவில்லை,
கோபத்தில் கண்டுபிடித்தேன்.

மாலையில் பக்கத்து ரொட்டி அடுப்பிலிருந்து
ஒதாரைக் கூப்பிட்டேன்.
மாவுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
தலையை மட்டும் உள்ளே நீட்டினான்.
"பால். செத்துப்போன பால்."
"எந்த இடம்?"
"நான் ரொட்டிக்காரன், நாயில்லை."
ஆனாலும் மண்டியிட்டான்.
மூன்றாம் வரிசை, இடப்பக்கம்.

மறுநாள் கம்பளத்தையே உரித்தேன்.
அடியில் பஞ்சு, பஞ்சுக்கு அடியில்
தகரத்தைப் பற்றியிருந்த மஞ்சள் ஏடு.
நொதிக் கரைசல் ஊற்றி ஊறவைத்தேன்,
பிறகு காடி, வெந்நீர், நீராவி.
ஏசி துவாரங்களின் பல்வரிசைக்கு
காது குடையும் பஞ்சுக்குச்சி, எண்பதுக்கு மேல்.
ஸ்டியரிங்கை வழிக்க வழிக்க
ஒரு மனிதரின் உள்ளங்கை
கறுப்பாக இறங்கிவந்தது.
வாளித் தண்ணீர் முதலில் காபி,
பிறகு தேநீர்,
கடைசியில் கஞ்சன் வீட்டுத் தேநீர்.

ஒதார் வந்தான். "நனைந்த நாய்" என்றான்.
"பால் போயிடுச்சா?"
"பால் போச்சு. நாய் வந்திருக்கு."
முன்னேற்றம்தான்.

மூன்றாம் நாள் நல்ல வெயில்.
கம்பளம் வேலியில் காய்ந்தது.
களிமண் கட்டியைச் சோப்பு நீரில் வழுக்கவிட்டு
தகட்டிலிருந்து உப்பையும் தார்ப் புள்ளிகளையும் பிடுங்கினேன்.
மெழுகிட்டேன். கதவில் என் முகம் தெரிந்தது.
இன்னும் கொஞ்சம் தேய்த்துப் பார்த்தேன்,
அப்போதும் அதே முகம்தான்.

நுக்ஸார் சுற்றிச் சுற்றி வந்து விசிலடித்தான்.
சட்டைப்பையிலிருந்து புது ரப்பர் ஒன்றை எடுத்தான்,
பிரேக் மிதிக்கு.
"இதையும் மாட்டிடு."
மீட்டரை எட்டிப் பார்த்தேன்.
வந்தபோது இரண்டு லட்சம் மைல் தாண்டியிருந்த வண்டி
ராத்திரியோடு ராத்திரியாக
அறுபத்து நாலாயிரத்துக்கு வந்திருந்தது.

பழைய ரப்பரின் வலது ஓரம்
கரண்டியால் வழித்ததுபோல் தேய்ந்து
இரும்பு தெரிந்தது.
எத்தனை சிவப்பு விளக்குகளில் நின்ற காலோ.
"அழுக்குன்னா எடுப்பேன்" என்றேன். "இது அழுக்கில்ல."
"உனக்கு மூக்கு மட்டும்தான் போச்சுன்னு நினைச்சேன்."
ரப்பரை இருக்கையில் எறிந்துவிட்டு
வேறு ஆளைத் தேடிப் போனான்.
கிடைப்பான். ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடம் வருவதற்குள்
பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்பும் எடுத்துக் குனிந்தேன்.
மிதியின் இடுக்கில் இருந்ததெல்லாம் வந்தது.
தேய்ந்த இடம் இன்னும் பளிச்சென்று
தேய்ந்து தெரிந்தது.

கடை மூடும் நேரம் ஒதார் வந்தான்.
கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தான்.
இன்னொரு முறை இழுத்தான்.
"ஒண்ணுமே இல்லை."

நானும் அவன் பக்கத்தில் தலையை நீட்டி
மூச்சை இழுத்தேன்.
ஆமாம், ஒன்றுமே இல்லை.
இரண்டு வருடத்தில் முதல் தடவையாக
எனக்கும் இன்னொருவருக்கும்
ஒரே மணம்.