நானூற்றைம்பது

விருதுக் குறிப்பின் மூன்றாம் பத்தியில்
என் பிழை இருக்கிறது.
பெயர் போடவில்லை, நல்லவேளை.
"குழந்தைகளின் உயரத்தை மனத்தில் கொண்டு
தாழ அமைக்கப்பட்ட குழாய்" என்று
டர்பனில் ஒரு மேடையில் வாசித்தார்கள்.
எல்லாரும் தட்டினார்கள், நானும் தட்டினேன்.
மச்சானின் கோட்டுக்குள் வேர்த்தது.

மியர்பேங்கில் எங்கள் கிளினிக்
ஏழரைக்குத்தான் கதவு திறக்கும்.
வரிசை நாலு மணிக்கே பிறந்துவிடும்.
சர்க்கரைக்காரர்கள், மாதக்காரிகள்,
எண்ணெய் ஆலைப் புகையைத்
தூக்கத்திலும் இருமுகிறவர்கள்.
மழையென்றால் தலைக்கொரு பிளாஸ்டிக் பை.
இடம் பிடிக்க ஒரு செங்கல், ஒற்றைச் செருப்பு.
செருப்பை நகர்த்தியதற்காக
இரண்டு குடும்பம் இன்னும் பேசுவதில்லை.

கட்டடக்கலைஞர் லிண்டெலானி
மூன்று வாரம் அந்த வரிசையில் நின்றார்,
நோய் எதுவுமில்லாமல்.
நர்ஸ் அதட்டியபோது முதுகுவலி என்றார்.
மூன்றாம் வாரம் அது உண்மையாகிவிட்டது.
பிறகு வரைந்தார்:
ஒரு தகரக் கூரை. அதன்கீழ்
சாரைப்பாம்பாய் வளைந்து வாசலுக்குப் போகும்
ஒரே நீளமான சிமென்ட் பெஞ்சு.
நிற்க வேண்டாம். முன்னவர் எழுந்தால்
நகர்ந்து உட்கார்ந்தால் போதும்.
அவ்வளவுதான் கட்டடம்.
சுவரே ஒன்றரைதான்.

அந்த அரைச் சுவரில் என் குழாய்.
தாளில் தொள்ளாயிரத்து ஐம்பது மில்லிமீட்டர்.
அன்று ஆலையில் சைரன் அலறியது.
மகளின் பள்ளி அந்த வேலியோரம்.
ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
ஒன்பதை நாலென்று வாசித்தேன்.
"ஒத்திகைதாம்ப்பா" என்று அவள் எடுத்தபோது
சிமென்ட் பிடித்து, ஓடும் பதித்தாயிற்று.

லிண்டெலானி வந்தார்.
முழங்கால் உயரத்தில் குழாயைப் பார்த்தார்.
"மிஸ்டர் வீராசாமி, இது நாய்க்கா?"
உடைத்து ஏற்றச் சொன்னார்.
ஓட்டுக்குக் காசில்லை என்றது கமிட்டி.
அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம்.

நிதியாண்டுக்கு முன்னால் நொமகுகு வந்தாள்.
இருபது லிட்டர் கேனைத் தரையில் வைத்தாள்,
மூடி திறந்தாள், கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.
கேனும் குழாயும் அளவெடுத்ததுபோல்.
பிறகு காசிநாதன், சக்கர நாற்காலியில்.
வாந்தியெடுத்த பிள்ளையைத் தூக்காமலே
முகம் கழுவினாள் ஒரு தாய்.
புண்காலோடு ஒருவர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து
காலை மட்டும் நீட்டினார்.
நாயும் வந்தது.
அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.
கழற்ற வந்த ஸ்பானரை
நொமகுகு வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நடுவர்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.
கிளினிக் மூடியிருந்தது, பெஞ்சு காலி.
ஆளில்லாத நிழலைப் படமெடுத்தார்கள்.
நரைத்த தலை அம்மாள் ஒருத்தி மட்டும்
சிமென்டைத் தடவி, "என்ன பாலிஷ்?" என்றாள்.
"உட்கார்ந்ததுதான்" என்றார் காவலாளி.

விருது வந்தும் டாக்டர் ஒருவர்தான்.
வரிசை இன்னும் நாலு மணிக்குப் பிறக்கிறது,
நனையாமல் பிறக்கிறது.

விழா முடிந்து சமோசா மேசையருகே
கண்ணாடிக் கோப்பையோடு என்னைத் தேடி வந்தார்.
குழந்தைகளின் உயரம் என்றார்களே,
நீங்கள் ஏன் மறுக்கவில்லை என்று
நான் கேட்கவில்லை.
நீ ஏன் என்று அவரும் கேட்கவில்லை.
"எவ்வளவு வைத்தீர்கள்?" என்றார் மெதுவாக.
சொன்னேன்.
கோப்பையை மேசையில் வைத்துவிட்டு
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

இப்போது டொங்காட்டில் இன்னொரு கிளினிக்.
புதுத் தாள், அதே கையெழுத்து.
குழாய்: நானூற்றைம்பது.
ஃபோனை வண்டியிலேயே விட்டுவந்தேன்.
நாடாவை மூன்று முறை வைத்துவிட்டேன்.
நாலாம் முறையும் வைக்கிறேன்.
நாலா அது, ஒன்பதா என்று
பக்கத்தில் நிற்கும் பையனையும்
சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன்.