எதுவரை

மீனாட்சிபுரத்தில் என் கண்ணாடிக் கடைக்கு
நீளம் பத்தே அடி.
பார்வை சோதிக்க இருபது வேண்டும்.
அதனால் எழுத்துப் பலகையை
வருகிறவர் தலைக்குப் பின்னால்
இடவலம் மாற்றி மாட்டியிருக்கிறேன்.
எதிர்ச்சுவர் ஆடியில் அது நேராகும்,
தொலைவும் இரட்டிக்கும்.
ப மட்டும் எந்தப் பக்கமும் ப.
முப்பது வருஷமாய் ஒரே கேள்வி:
"எந்த வரி வரைக்கும் தெரியுது?"

அட்டை சேர்க்கிறேன் என்றால்
தபால்தலையா என்கிறார்கள்.
இல்லை, ஓவியம் அச்சிட்ட அஞ்சலட்டை.
அதிலும் பிம்பம் வேண்டும்,
தூரிகையால் போட்ட பிம்பம்.
ஆற்றில் தலைகீழாய் நெட்டை மரங்கள்.
நகை மாட்டுகிறவளின் பின்கழுத்தைக்
காட்டிக்கொடுக்கும் நிலைக்கண்ணாடி.
செம்புக் கெண்டியின் வயிற்றில் வளைந்த சன்னல்,
அதற்குள் கடுகளவாய் வரைந்தவனே.
ஒன்றில் மீன்கொத்தி தண்ணீரில் மட்டும் பறக்கிறது;
வானத்தில் போட மறந்துவிட்டான்.
அதற்கு மைதீன் பிச்சை
எடைக்கு மேல் பத்து ரூபாய் கேட்டார்.
"பிழை இருக்குல்லா அண்ணாச்சி, அதுக்கு."
கொடுத்தேன்.

முதுகுப்பக்கம் படிப்பதில்லை.
யாரோ யாருக்கோ எழுதியது.
நான் வாங்கியது முன்பக்கம்.

மார்கழி பிறந்த இரவு
ஆறு ஜங்ஷனில் ஏறி
எங்கள் தெருவுக்குள் கேட்காமல் வந்தது.
மூன்றாம் நாள் பீரோவின் கீழ்த்தட்டில்
இருநூற்றுப் பதினாலு அட்டையும் ஒரே செங்கல்.
"தண்ணியாப் பொறுக்கிப் பொறுக்கிச் சேத்தீங்க,
தண்ணியே கேட்டு வந்துட்டு,"
என்றாள் பிரமநாயகி.
சொல்லிக்கொண்டே கொடியில் கிளிப் போட்டாள்.

சவர பிளேடால் ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன்.
ஒன்றின் முதுகு அடுத்ததன் முகத்தில்
மையை விட்டுப் போயிருந்தது.
வேறு யாரென்றாலும் கறை என்றிருப்பார்கள்.
மாறிய எழுத்தோடேயே வாழ்ந்தவன் நான்;
படிக்காமல் இருக்க முடியவில்லை.

நெட்டை மரங்கள் நின்ற ஆற்றின் மேல்,
நீலத்தில், வலமிருந்து இடமாய்:
"ஜெசிந்தா, இங்கே பேப்பரில் இரண்டே வரி,
தாமிரபரணியில் வெள்ளம் என்று.
நம்ம வீட்டில் தண்ணீர் எதுவரை வந்தது?
கப்பல் நாளைக் கிளம்புது. உடனே எழுது."
தொண்ணூற்றிரண்டு, நவம்பர்.
கையெழுத்து விழுந்த இடத்தில் மரத்தின் இருட்டு.
விலாசம் கரைந்திருந்தது.

மைதீன் பிச்சையிடம் கேட்டேன்.
"எடைக்கு வாரதுக்கு ஊரு பேரு
உண்டுமா அண்ணாச்சி?"

அவள் பதில் போட்டாளா,
போட்டிருந்தால் எந்தத் துறைமுகத்துக்கு,
அதைக் கேட்டவன் வாசித்தானா,
ராத்திரி பிரமநாயகியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.
"தூங்குங்க," என்றாள்.

கடையைக் கழுவி
பலகையைத் திரும்ப மாட்டிய அன்று
லைசென்ஸ் புதுப்பிக்க ஒரு டிரைவர் வந்தான்.
ஆடியைப் பார்த்து மேலிருந்து வாசித்தான்.
பெரிய எழுத்து, அடுத்தது, அதற்கடுத்தது.
நாலாவதில் நின்றான்.
"இதுக்குக் கீழ எல்லாம் சகதி அண்ணாச்சி."

"நாலாவது வரி வரைக்கும்," என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

யாரிடம் சொல்கிறேன் என்று
அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான்.