பதினோரு நொடி இருட்டு

ஈரி ஏரிக்கரை, ஹார்லன் பூங்கா.
பேய் வண்டியைப் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள்.
வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வழுக்கைத் தலை
திரும்பியதும் டெல்பர்ட் ஆனது.
விவாகரத்தாகிப் பத்தொன்பது வருஷம்.
"நீயுமா?"
"நானும்தான்."
சீருடைப் பையன் முகம் பார்க்கவில்லை, தலைகளை எண்ணினான்;
இருவரையும் ஒரே பெட்டியில் ஏற்றி
பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

ஆளுக்கொரு துப்பாக்கி.
பிளாஸ்டிக், ஆனால் கனம்.
இரண்டு கையாலும் பிடிக்க வேண்டுமாம்.
பேயைச் சுட்டால் புள்ளி.
செத்தவளை இன்னொரு முறை சாகடித்தால் நாற்பது,
பறக்கும்போது சாகடித்தால் எண்பது.
சுட்டதும் அவள் நட்சத்திரமாக உதிர்கிறாள்,
அடுத்த பெட்டிக்காக உடனே கூடிக்கொள்கிறாள்.

பழையவள் அப்படியில்லை.
மூடிப்போன துணிக்கடையிலிருந்து
வெர்ன் ஸ்டட்ஸ்மன் மூன்று டாலருக்கு வாங்கிய பொம்மை,
இடது கையில் இரண்டு விரல் கிடையாது,
மணப்பெண் உடை, அதில் எலி தின்ற ஓட்டை.
சங்கிலி தளர்ந்துபோய்
எப்போதும் அரை நொடி தாமதமாகத்தான் வருவாள்.
வண்டி அவளைக் கடந்த பிறகு,
"இவ்வளவுதானா" என்று தோள் தளர்ந்த பிறகு,
பின்கழுத்தில் ஒரு காற்று.
அதற்குத்தான் அலறினோம்.
புதியவள் நேரம் தவறாதவள்.
அவள் வரும்போது நான் கொட்டாவியில் இருந்தேன்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.
பழைய மரப்பலகையில் என் முட்டி பெயர்ந்தது.
தார் வாடை மூன்று நாள் தலைமுடியில் நிற்கும்.
என் தங்கை ரெனாட்டா, சக்கர நாற்காலியோடு,
கோடைக்குக் கோடை வெளியே உட்கார்ந்து
எங்கள் கோட்டுகளை மடியில் வைத்திருப்பாள்.
இப்போது ஒரு பெட்டிக்குப் பக்கக் கதவு கீழே சாய்கிறது.
திறந்த வாரமே ஐந்து முறை போய்விட்டாள்.
அவள் புள்ளிச் சீட்டு குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது.
அவளிடம் போய் பழசுதான் பொன் என்று
எந்த வாயால் சொல்வது?

ஆனால் நாலாவது அறை.
ஸ்டட்ஸ்மனுக்கு அங்கே காசு தீர்ந்துவிட்டது.
பேய் இல்லை, சவப்பெட்டி இல்லை, ஒரு நூல்கூடத் தொங்காது.
வெறும் இருட்டு. பதினோரு நொடி.
நான் எண்ணியிருக்கிறேன், முதல் தடவை தவிர.
முதல் தடவை எண்ண முடியாதபடி
டெல்பர்ட்டின் கை என் கையைத் தேடிக்கொண்டிருந்தது,
முதலில் இரும்புக் கம்பியைப் பிடித்து, அசடு வழிந்து, பிறகு என்னை.
அரண்டவன் கண்ணுக்குத்தானே இருண்டதெல்லாம் பேய்?
எனக்கு அன்றைக்கு இருண்டதெல்லாம் அவன்.

இப்போது அங்கே திரை. எரிமலை. முந்நூறு வௌவால்.
டெல்பர்ட் நாக்கைக் கடித்துக்கொண்டு சுடுகிறான்,
மின்கட்டணத்தோடு சண்டை போடும் அதே முகம்.
அவனுக்கு நாலாயிரத்து இருநூறு.
எனக்கு முந்நூற்றெண்பது.

திடீரென்று எல்லாம் நின்றது.
எரிமலை அணைந்தது. வௌவால் பாதியில் இல்லாமல் போனது.
எங்கோ ஒரு மின்விசிறி சுற்றித் தளரும் ஓசை.
ஒலிபெருக்கி ஒருமுறை இருமியது, அவ்வளவுதான்.
சுவரிலிருந்து, புது வண்ணத்துக்கு அடியிலிருந்து,
தார் வாடை.

"இங்கேதான்," என்றான் இருட்டு.
"இல்லை, அடுத்த வளைவில்," என்றேன்.
"இங்கேதான். வலது பக்கம் உட்கார்ந்திருந்தாய்."
"இடது பக்கம்."
சிரித்தானா பெருமூச்சு விட்டானா தெரியவில்லை.
பின்பெட்டியில் ஒரு குழந்தை "அம்மா" என்றது,
சத்தமாக அல்ல, அவள் இருக்கிறாளா என்று பார்க்க.

ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.
துப்பாக்கியை மடியில் கிடத்தியிருந்தேன்.
அவனும் கிடத்தியிருந்தான் என்பது
விளக்கு வந்தபிறகுதான் தெரிந்தது.

ஒன்பதில் வந்துவிட்டது.