மினிட்ஸில் ஏறாதது

கூட்டம் தொடங்கும்போது இரவு பதினொன்று நாற்பது.
சிம்மக்கல்லில் பாத்திர வாடகைக் கடையின் மாடி.
வந்தவர்கள் இருபத்து மூன்று பேர்.
இருபத்து நான்கு என்று எழுதச் சொன்னார் தலைவர்,
இல்லாவிட்டால் கோரம் இடிக்கும்.
எழுதினேன்.
கவிழ்த்து வைத்த அண்டாதான் எனக்கு மேசை.
நான் ஜெசிந்தா, துணைச் செயலாளர்,
ஆஸ்பத்திரி கேன்டீன், உப்பில்லாச் சாப்பாட்டுப் பிரிவு.

முதலில் சங்கச் செய்திகள்.
சிலிண்டர் மறுபடியும் ஏறியிருக்கிறது.
கீழவாசல் காஜா மைதீனுக்கு
எண்ணெய் கொட்டிய கையில் தோல் வருகிறது;
இடக்கையால் பரோட்டா வீசிப் பழகுகிறாராம்,
முதல் மூன்றும் சீலிங்கில் ஒட்டியதாம்.
ஐயாயிரம் கொடுக்க ஏகமனதாக முடிவு.
மேசை துடைக்கிறவர்களுக்கும் இனி அடையாள அட்டை.
போட்டோவில் தொப்பி வேண்டுமா என்பதை
அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினோம்.

பிறகு மாநாடு.

"ஆடியில வச்சிருவோம், முகூர்த்தம் கிடையாது"
என்றார் கல்யாணச் சமையல் துளசிராம்.
"ஆடியிலயா? அழகர்கோயில் பக்கம் அம்புட்டுக் கிடாவும்
அப்பத்தான விழும், கரண்டி கழுவ நேரமில்ல"
என்றார் பிரியாணி மாஸ்டர் ஒச்சு.
அமாவாசையில் கறிக்கடை ஈயாடும்,
சைவக் கடையில் இலை போட இடமிருக்காது.
சித்திரை என்று வாயெடுத்தவரை
உட்கார வைத்துவிட்டார்கள்.
ஞாயிறு என்றதும் சிரிப்பு.
தினசரிக் காலண்டரை முன்னும் பின்னும் புரட்டினோம்.
ஊருக்குப் பசிக்காத நாளை
எந்த அச்சகமும் அடிக்கவில்லை.

கடைசியில் ஒத்துக்கொண்டது இது:
ஆடி மூன்றாம் செவ்வாய் கழிந்த ராத்திரி,
ஒன்றரை முதல் நாலரை வரை.
வில்லாபுரத்தில் மண்டபம், ஆடி என்பதால் பாதி வாடகை.
பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர்கள் முறை வைத்து வரலாம்,
பாதிப் பேர் அடுப்பில், பாதிப் பேர் நாற்காலியில்.
முதல் அமர்வு லைசென்ஸ் புதுப்பிப்பது.
இரண்டாவது முதுகுவலி, டாக்டர் வருகிறார்.
மூன்றாவது ஆன்லைன் ஆர்டர் கமிஷன்;
அதற்கு மைக்கே தேவைப்படாது.
கலை நிகழ்ச்சி வேண்டாம், தூங்கிவிடுவார்கள்.

"சரி, அறுநூறு பேருக்கு யாரு சமைக்கிறது?"

கேட்டது யாரென்று தெரியவில்லை.
கீழே ஷட்டரில் நாய் முதுகு உரசுவது கேட்டது.
ஒரே காலையில் நாலாயிரம் இலை பார்த்த துளசிராம்
தன் கால்விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.
ஒச்சு பல் குத்தினார்.
அறுநூறு நாக்கும் ஒரே பந்தியில்:
பெருங்காயம் கூட, புளி பழசு,
இவனெல்லாம் மாஸ்டர்.
"வெளிய சொல்லிரலாம்" என்றார் தலைவர்.
"வெளியன்னா யாருண்ணே? நாமதான வெளிய."

டீ கொண்டுவந்த பையன் டம்ளர் எடுக்கக் குனிந்தவன்
நிமிராமலே சொன்னான்,
"நான் செய்றேண்ணே."
ஹரிபந்து. ஊர் ஒடிசா.
மூன்று வருஷமாக மாட்டுத்தாவணியில் பூரி போடுகிறான்.
"எங்க ஊர்ல பக்காளன்னு ஒண்ணு.
சோத்துல தண்ணி ஊத்தி வச்சு, தயிரு, தாளிப்பு.
கூட மசிச்ச உருளைக்கிழங்கு. ராத்திரிக்கு இதம்."

"மாநாட்டுக்குப் பழைய சோறா!" என்று யாரோ எழுந்தார்கள்.
துளசிராம் தலையைத் தூக்கினார்.
"அது எப்பிடி இருக்கணும்னு இங்க எவனுக்காச்சும் தெரியுமா?"
தெரியாது.
"அப்ப எவனும் குறை சொல்ல முடியாது. பாஸ்."

கைதட்டல் அடங்கியதும் பொருளாளருக்கு ஒரு சந்தேகம்,
பையன் மெம்பரா?
இல்லை. விதி நாலு: மதுரை மாவட்ட ரேஷன் கார்டு.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு ஒச்சு என்னிடம் பேனாவைக் கேட்டார்,
சட்டப் புத்தகத்தில் அந்த வரியை
அடிமட்டம் இல்லாமலே கோணலாக அடித்தார்.
அடித்த இடத்தில் மஞ்சள் விரல்ரேகை.

நான் பக்கத்தைத் திருப்பி
வந்தோர் எண்ணிக்கையைப் பார்த்தேன்.
இருபத்து நான்கு.
திருத்த ஒன்றுமில்லை.

சந்தா நூற்றிருபது.
ஹரிபந்து நூற்றிப்பத்துதான் வைத்திருந்தான்.
பாக்கி பத்து ரூபாய் என் பெயரில் நிற்கிறது.