அறை ஒலி

திருக்கடலூர் ஒழுங்கைக்குள் எங்கள் வான் நுழைந்தபோது
இரண்டு வீட்டுக் கதவுகள் சாத்திக்கொண்டன.
வெள்ளை நிறத்தில் வாடகைக்கு எடுத்தது எங்கள் பிழை.
இயக்குநருக்கு அது விளங்கவில்லை.
வரும் வழியில், பஸ் நிலையத்துக் குப்பையில்
லஞ்ச் ஷீட்டை மென்றுகொண்டிருந்த புள்ளிமானைத்தான்
இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சியின் பெயர் 'விழுந்தாலும் எழு'.
ஆறாம் பாகம்: பத்மலோஜினி, நாற்பத்தொன்று,
கொட்பேயில் கணவாய் சுத்தம் செய்பவர்.
நகங்களுக்குள் மை.
கழுவிவிட்டு வரச் சொன்னோம்,
பிறகு வேண்டாம், மை நல்லாயிருக்கு என்றோம்.

நான் ஒலி.
நீளக் கம்பின் நுனியில் மயிர் போர்த்த மைக்கை
அவர் தலைக்கு மேல் பிடிப்பவன்.
அதன் நிழலும் படத்துக்குள் விழக் கூடாது.

"சுனாமியில ஆரையும் இழந்தனீங்களோ?"
"இல்லை. அப்ப நாங்கள் வவுனியாவில."
"சண்டையில?"
"கடவுள் புண்ணியம், இல்லை."
"கணவர்?"
"கட்டாரில. சுகமா இருக்கிறார். வேற ஆளோட."
இயக்குநர் தாளைத் திருப்பினார்.
மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

கதவைத் திறந்து வந்து கடலைப் பார்க்கச் சொன்னோம்.
நான்கு தரம் வந்தார்.
நான்காம் தரம் கடலைப் பார்க்காமல்
கொடியில் கிடந்த பள்ளிக்கூடச் சட்டையைத் தொட்டு
ஈரம் பார்த்தார்.
அதை வெட்டிவிட்டார்கள்.

முடிவில் ஒரு வேலை, எனக்கு மட்டும் உரியது:
எவரும் பேசாத ஒரு நிமிடத்தைப் பதிவது.
ஒவ்வொரு அறைக்கும் ஒரு மௌனம் இருக்கிறது.
பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில்
ஓட்டை அடைக்க அது வேண்டும்.
மின்விசிறியை நிறுத்தினேன்.
பிரிட்ஜை நிறுத்தினேன்.
திரும்பப் போட மறக்காதிருக்க
வான் திறப்பை அதற்குள் வைத்தேன், பழைய பழக்கம்.
"ஒரு நிமிசம், அக்கா. மூச்சு மட்டும் விடலாம்."

பதினெட்டாம் வினாடி, தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்.
முப்பதில் அது படலையடியில் நின்றது.
"அக்கா… பத்மாக்கோய்."
வாசலில் எங்கள் எட்டுச் சோடிச் சப்பாத்துகள்.
அவன் எண்ணியிருப்பான்.
"செவ்வாய்க்கிழமை எண்டு தெரியுந்தானே அக்கா."
இயக்குநர் பல்லைக் கடித்தார்.
கமராக்காரன் காலை மாற்ற, கதிரை முனகியது.
பத்மலோஜினி அசையவில்லை.
மேசையில் மகள் டிலக்சிகா
பென்சிலைத் தாளிலிருந்து ஒரு நூல் உயர்த்தி
அப்படியே பிடித்திருந்தாள்.
பதினொரு வருடத் தொழிலில்
இப்படி அமைதி காக்கத் தெரிந்த இருவரை நான் பதிந்ததில்லை.
ஹெட்போனுக்குள் கேட்டது
இரண்டு பேர் ஒரே கணத்தில் மூச்சை நிறுத்துவது.

வண்டி போயிற்று.
"பாழாப்போச்சு. இன்னொருக்கா" என்றார் இயக்குநர்.
அன்று முதல் தடவையாகப் பத்மலோஜினி சிரித்தார்.
"இனி அடுத்த செவ்வாய்தான், தம்பி."

திறப்பை எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தேன்.
கத்தரிக்காய்ப் பைக்குக் கீழே
பொலித்தீன் சுற்றிய கடன் புத்தகம்.
அதைத் தொட்ட கையை
ஏனோ சாரத்தில் துடைப்பதுபோல் காற்சட்டையில் துடைத்தேன்.
சுவிட்சைப் போட்டேன்.
பிரிட்ஜ் ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

ஞாயிறு இரவு ஒளிபரப்பினார்கள்.
கடல் வந்தது, வயலின் வந்தது,
மை படிந்த விரல்கள் மிக அருகில் வந்தன.
செவ்வாய் வரவில்லை.
ஆனால் முதல் பதினேழு வினாடிகள் சுத்தமாக இருந்தன.
அவற்றைத் திரும்பத் திரும்ப ஒட்டி
'எனக்கு நம்பிக்கை இருக்கு' என்று அவர் சொல்லும் இடத்துக்கு அடியில்
நான்தான் பாயாக விரித்தேன்.
உங்களுக்கு ஒன்றும் கேட்டிராது.
மோட்டார் சைக்கிள் வருவதற்குச் சற்று முந்திய
வீடு அது.