துறைமுகம் மூடியிருக்கிறது

நான் டிக்கெட் விற்கும் படகு
நீரிணையைத் தாண்டி போர்வெனீர் போகிறது.
போர்வெனீர் என்றால் வருங்காலம்.
ஓர் ஊருக்கு அப்படிப் பெயர் வைத்தவன்
முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும்.

நான் ஏப்ரலிலிருந்து தூங்கவில்லை.

அடியோடு இல்லை என்றால் பொய்.
விடியும் முன் ஒரு கைப்பிடி,
கவுண்டரில் பேனா நழுவும்போது ஒரு சிட்டிகை.
மற்ற நேரமெல்லாம் புந்தா அரேனாஸின் காற்று
கூரைத் தகரத்தில் ஆணிகளை எண்ணும்.
நானும் கூடவே எண்ணுவேன்.
பக்கத்தில் எர்மினியோ,
தலையணையில் தலை படுமுன்பே குறட்டை.
முப்பது வருடக் கணவனை
தூங்குகிறான் என்ற ஒரே குற்றத்துக்காக
இருட்டில் வெறுத்திருக்கிறேன்.

மாத்திரை வேண்டாம் என்றேன் நர்ஸ் யாஸ்னாவிடம்.
அவள் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தாள்.
படுத்தது எப்போது, விழித்தது எப்போது,
இரண்டு வாரம் எழுதி எடுத்துப் போனேன்.
விரலால் கூட்டிப் பார்த்தாள்.
"ஐந்து முழத் துணியை இழுத்து இழுத்து
ஒன்பது முழக் கட்டிலை மூடப் பார்க்கிறீர்கள், நெலிதா.
கிழியாமல் என்ன செய்யும்?
கட்டிலை வெட்டுவோம்."

இரவு ஒரு மணிக்கு முன் படுக்கக் கூடாது.
காலை ஆறுக்கு எழுந்துவிட வேண்டும்,
ஞாயிறானாலும்.
மதியம் மூன்றுக்குப் பின் மாத்தே தேநீர் கிடையாது.
கடிகாரம் சுவரைப் பார்த்திருக்கட்டும்.
படுத்தும் கண் ஒட்டவில்லையா, எழுந்து போ.

ஜூன் மாதம்.
இங்கே ஆறு மணிக்கு எழுபவள்
பகலைப் பார்க்க நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.
பத்துக்கு வெளுக்கும்போது
கவுண்டரைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன்,
முகத்தைத் தட்டுபோல ஏந்தி.
கடற்காகங்கள் பழைய இறங்குதுறைக் கட்டைகளில்
வரிசையாக நின்று என்னைப் பார்த்தன.

முதல் வாரம் நரகம்.
பன்னிரண்டு ஆட்டுக்குட்டி ஏற்றி வந்தவனுக்கு
பன்னிரண்டு பெரியவர் டிக்கெட் கிழித்தேன்.
பத்திலிருந்து ஒரு மணிவரை என்ன செய்வது?
சமையலறை மேசைமேல்
வீட்டின் சாவிகளையெல்லாம் கொட்டினேன்.
பூட்டுப் பூட்டாகப் போய்ப் பொருத்தினேன்.
எதற்கும் சேராத ஒன்று மிஞ்சியது,
பித்தளை, சின்னது.
யாருடையதோ.

பிறகு அந்தப் புதன்கிழமை.
மேற்குக் காற்று; துறைமுகம் மூடல்.
லாரிக்காரர் ஓஹேதா கண்ணாடிக்கு வெளியே
ஆணியடித்தாற்போல் நின்றார்.
எப்போது திறக்கும்? எப்போது திறக்கும்?
பத்தொன்பது வருடமாகச் சொல்வதையே சொன்னேன்:
"நீங்கள் இங்கே நின்றால் காற்று நிற்காது, ஐயா.
போய் ஒரு சூப் குடியுங்கள்.
கொடி இறங்கினால் நானே கூப்பிடுகிறேன்."

அன்று இரவு படுக்கையில்,
பல்லைக் கடித்துக்கொண்டு,
வரிசையில் முதல் ஆளாக
தூக்கத்தின் கண்ணாடிக்கு முன் நான்.
எப்போது திறக்கும்? எப்போது?
என் குரலே எனக்குக் கேட்டது,
சூப் குடியுங்கள், ஐயா.

சிரிப்பு வந்துவிட்டது.
எழுந்தேன்.
மிஞ்சியிருந்த சூப்பைச் சுடவைத்தேன்.
சாவியைத் துடைத்தேன், பளபளக்கும்வரை.
எப்போது திரும்பிப் போய்ப் படுத்தேனோ,
கடிகாரம் சுவரைப் பார்த்திருந்தது,
தெரியாது.

ஆகஸ்டில் யாஸ்னா கால் மணி நேரம் கூட்டிக்கொடுத்தாள்,
பஞ்ச காலத்து ரேஷன்போல.
பிறகு இன்னொரு கால்.
இன்னும் சில இரவு கொடி ஏறித்தான் இருக்கிறது.
ஏறட்டும்.

நேற்று பன்னிரண்டரைக்கு
சமையலறை வாசலில் எர்மினியோ.
மகள் வேலையை விட்டது தெரிந்ததிலிருந்து
கொட்டக் கொட்ட விழித்திருக்கிறானாம்,
மூன்று நாளாக.
பாவம், கண்ணெல்லாம் சிவப்பு.
சூப்பை அவன் பக்கம் நகர்த்தினேன்.
அந்தப் பித்தளைச் சாவியைக் கையில் வைத்தேன்.
"இதற்குப் பூட்டு தேடு," என்றேன்,
"அவசரமில்லை."

எனக்கோ கொட்டாவி.
கட்டில் முழுவதும் எனக்கே என்று
கையைக் காலை விரித்துப் படுத்தேன்.
வெளியே காற்று எண்ணிக்கொண்டிருந்தது.
ஏழாவது ஆணியோ எட்டாவதோ